ஏற்காட்டுப் பழைய வீட்டில் கீசர் டைமர் மாற்றும்போது

பழைய கீசர் டைமரைக் கழற்றிப் புதியதை மாட்டுவது பார்வைக்கு நான்கு வயர் வேலை. புதிதாகக் கட்டிய வீட்டில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏற்காட்டில் கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நிற்கும் பழைய வீட்டில் அதே வேலைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அதில் முக்கால் நாள் சுவரில் ஏற்கெனவே ஓடுகிற வயர்களில் எது எது என்று கண்டுபிடிக்கவே போய்விடும். அந்த முக்கால் நாளை மிச்சம் பிடித்த வீடுகளில்தான் டைமர் கருகுகிறது, கீசரைத் தொட்டால் விர்ரென்று இழுக்கிறது.

முதலில், ஏன் மாற்ற வேண்டும்? இங்கே பல வீடுகளில் இன்னும் இருப்பது முள் வைத்த வட்ட டைமர். சுற்றிலும் 96 முள், ஒரு முள்ளுக்கு 15 நிமிடம். உள்ளே இருக்கும் சிறிய மோட்டார் லைனில் வரும் 50 ஹெர்ட்ஸை வைத்தே சுற்றுகிறது. பேட்டரி இல்லாத மாடலாக இருந்தால் கரண்ட் போனதும் கடிகாரமும் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில்வர் ஓக் கிளை ஒன்று லைனில் சாய்ந்து மூன்று மணி நேரம் கரண்ட் இல்லையென்றால், காலை 5 மணிக்கு ஓட வேண்டிய கீசர் 8 மணிக்கு ஓடும். யாராவது கையால் திருப்பி வைக்கும் வரை அப்படியேதான். புதிதாக வாங்குவது எதுவானாலும் உள்ளே பேட்டரி ரிசர்வ் உள்ள டிஜிட்டல் டைமராக இருக்கட்டும். டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் லைன்கள் பிரியும் பெட்டி) எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) மாட்டும் அதே ரயிலில், அதாவது உலோகப் பட்டையில், உட்காரும் மாடல்தான் நல்லது. ப்ளக்கில் செருகும் டைமர் மூன்று கிலோவாட் கீசருக்கு ஆகாது. நாள் முழுக்க ஈரக் காற்று படும் சாக்கெட்டில் அதன் பின்கள் சீக்கிரம் கருத்துவிடும்.

டைமர் வைப்பது சேமிப்புத் தொட்டி உள்ள கீசருக்கு மட்டும்தான். மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசருக்கு அது தேவையே இல்லை.

எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதை வயரிங்கைத் தொடும் முன்பே கணக்குப் போட்டுவிடுங்கள். எந்த டைமர், எந்த வயர் என்பதே அதிலிருந்துதான் வரும். 25 லிட்டர் தண்ணீரை 16 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 1.3 யூனிட் வேண்டும். இரண்டு கிலோவாட் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) என்றால் 38 நிமிடம். இதெல்லாம் 230 வோல்ட் வந்தால். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, எஸ்டேட் ஓரத்தில் லைன் முடிகிற இடத்து வீடுகளில், எல்லோரும் கீசர் போடும் காலை நேரத்தில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். எலிமென்ட்டின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 180 வோல்ட்டில் இரண்டு கிலோவாட் எலிமென்ட் 1.2 கிலோவாட்தான் தரும். 38 நிமிடம் 63 நிமிடமாகிவிடும். "டைமர் போட்டதிலிருந்து தண்ணி சரியா காயலை" என்ற புகாரில் பாதி இதுதான், டைமர் மேல் குற்றமே இல்லை. மூன்று நாள் காலை ஆறு மணிக்கு மல்டிமீட்டரில் வோல்டேஜ் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இன்னொரு இடத்திலும் உதவும், பின்னால் வருகிறேன்.

கரண்ட் கணக்கு எளிது. இரண்டு கிலோவாட்டுக்கு 8.7 ஆம்பியர், மூன்று கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். இரண்டு கிலோவாட் என்றால் 2.5 சதுர மி.மீ காப்பர் வயர், 16 ஆம்பியர் எம்சிபி. மூன்று கிலோவாட் என்றாலோ, டிபியிலிருந்து குளியலறை இருபது மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தாலோ 4 சதுர மி.மீ போடுங்கள், எம்சிபி 20 ஆம்பியர். இத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) ஒன்று, குளியலறைக்கு வெளியே பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் ஒன்று. மூடி வைத்த, தண்ணீர் புகாத பெட்டி, அடியில் வயர் நுழைய கிளாண்ட், வயர் முனையில் நசுக்கி மாட்டும் சிறு உலோகக் குழலான ஃபெரூல், 25 மி.மீ பிவிசி பைப் இவ்வளவும் சேலத்திலேயே வாங்கிக்கொண்டு ஏறிவிடுங்கள். ஒரு கிளாண்ட் குறைகிறது என்று இருபது கொண்டை ஊசி வளைவையும் இன்னொரு முறை ஏறி இறங்குவதில் அரை நாள் போகும்.

எர்த். மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும்.

பழைய வீடுகளில் எர்த்துக்குத் தனி வயர் இருக்காது, இருந்தாலும் அதைக் குளியலறையின் இரும்புத் தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாம்ப் போட்டு முடித்திருப்பார்கள். குழாய் மண்ணுக்குள் போகும் வரை அது ஓரளவு வேலை செய்தது. பிறகு பிளம்பர் வந்து துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டு பிவிசி, சிபிவிசி போட்டுவிடுவார். கிளாம்ப் மட்டும் ஒரு அடி நீள இரும்புத் துண்டில் தொங்கிக்கொண்டிருக்கும். பார்த்தால் எர்த் போலவே இருக்கும், எர்த் இருக்காது. எனவே குழாயில் எர்த் பார்த்தால் அந்தக் குழாய் எங்கே முடிகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள்.

தனி எர்த் குழி இருக்கிற வீட்டிலும் நிம்மதி கிடையாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னகைட் என்ற கடினமான பாறை. மேலே சில அடி செம்மண், அதற்குக் கீழே கல். எர்த் கம்பி ஈர மண்ணைத் தொடாமல் பாறை இடுக்கில் நின்றால் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும், பங்குனி சித்திரையில் மண் காய்ந்தால் இன்னும் ஏறும். இதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். எர்த் 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசர் எலிமென்ட் வெடித்து பேஸ் கீசரின் உலோக உடம்பில் பட்டால் ஓடும் கரண்ட் 230 ஐ 20 ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். உங்கள் எம்சிபி 16 ஆம்பியர். அது விழவே விழாது. கீசர் உடம்பும், அதோடு சேர்ந்த ஷவர் குழாயும் கரண்டோடு அப்படியே நிற்கும், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். "எம்சிபி போட்டிருக்கோமே" என்ற தைரியம் மலையில் செல்லாது. அதே வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருந்தால், எர்த் 100 ஓமாக இருந்தாலும் கீசர் உடம்பில் மூன்று வோல்ட் ஏறும் அளவு கசிவு வந்ததுமே அது விழுந்துவிடும். கல் மண்ணில் எர்த்தைச் சரிசெய்யப் பணமும் நாளும் ஆகும், அதையும் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஆர்சிசிபி இல்லாமல் கீசருக்கு டைமர் மாட்டாதீர்கள். ஆள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தானாக ஆன் ஆகும் கருவி இது.

எர்த்தைப் பார்க்க பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் பல்பைப் போடும் பழக்கம் ஒன்று உண்டு. எங்கோ எர்த் வயர் அறுந்திருந்தால், அந்தப் பல்பு வழியாக வீட்டில் உள்ள ஃப்ரிட்ஜ், கிரைண்டர் உடம்பெல்லாம் பேஸ் ஏறும். அதைச் செய்ய வேண்டாம். மூன்று கம்பி எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் லைசென்ஸ் வயர்மேனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். மீட்டர் சீலுக்கு முந்தைய எதையும் ஈபி ஆள் தவிர யாரும் தொடக்கூடாது. மற்ற வேலைக்கும் லைசென்ஸ் உள்ளவர் உடன் இருக்கட்டும். கீழே எழுதுவது அவரோடு நின்று சரிபார்க்க.

கழற்றும் முன் மெயினை இறக்குங்கள். பழைய வீட்டில் மெயின் என்பது பீங்கான் கிட்காட் ஃப்யூஸாக (ஃப்யூஸ் கம்பி உள்ள கேரியரைப் பிடுங்கி எடுக்கும் வகை) இருக்கலாம், அதிலும் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டு. அந்தக் காலத்து வழக்கம் அது. நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் போயிருந்தால் வீட்டில் எதுவும் எரியாது, ஆனால் எல்லா வயரிலும் பேஸ் நிற்கும். இரண்டு கேரியரையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சோதனை. நியான் டெஸ்டரை நம்பாதீர்கள். பக்கத்து வயரின் தூண்டலுக்கும் எரியும், சில நேரம் உண்மையான பேஸுக்கு எரியாமலும் போகும். மல்டிமீட்டர்கூட நீளமான செத்த வயரில் 60, 70 வோல்ட் காட்டி ஏமாற்றும். ஹோல்டரில் பல்பு மாட்டிய டெஸ்ட் லேம்ப்தான் உறுதி. முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் எரிகிறதா பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில்.

இனி பழைய டைமரின் மூடியைத் திறந்து, எந்த வயரும் அசையும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு வயரிலும் டேப் சுற்றி, அது எந்த எழுத்துள்ள டெர்மினலிலிருந்து வந்தது என்று பேனாவால் எழுதுங்கள். நிறத்தை எழுதிப் பயனில்லை. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது இன்றைய ஒழுங்கு. நாற்பது ஆண்டுக்கு முந்தைய ரீப்பர் வயரிங்கில், அதாவது மரப் பட்டைமேல் ஓட்டிய வயரிங்கில், கையில் இருந்த வயரை ஓட்டியிருப்பார்கள். ரப்பர் மேல் நூல் பின்னிய வயர் என்றால் எல்லாமே ஒரே அழுக்கு நிறம்தான். சுவிட்சை நியூட்ரலில் போட்ட வீடுகளும் உண்டு. சுவிட்ச் ஆஃப், ஆனால் கீசர் டெர்மினலில் பேஸ் நிற்கும்.

அந்த ரப்பர் வயரைப் பற்றி ஒரு வார்த்தை. அதை வளைத்தால் ரப்பர் பிஸ்கட் மாதிரி உதிரும். டேப் சுற்றி ஒப்பேற்ற முடியாது. உள்ளே உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. அலுமினிய வயர் ஓட்டிய வீடும் அப்படித்தான். அலுமினியத்தையும் காப்பரையும் முறுக்கிச் சேர்த்தால் ஈரத்தில் அந்த இடம் அரித்து, தளர்ந்து, சூடாகும். ஏற்காட்டு மூடுபனியில் அது வேகமாகவே நடக்கும். இரண்டில் எது இருந்தாலும் டிபியிலிருந்து கீசர் வரை புதிதாக மூன்று காப்பர் வயர் இழுங்கள், பேஸ், நியூட்ரல், எர்த். ஒன்றரை அடிக் கல் சுவரில் காடி வெட்ட வேண்டாம், சுவரின் மேலேயே பைப் ஓட்டுங்கள். அழகு கொஞ்சம் குறையும், நாளைக்கு ஏதாவது என்றால் திறந்து பார்க்க முடியும்.

பிவிசி வயர் நல்ல நிலையில் இருந்து அதையே வைத்துக்கொள்வதென்றால், டைமர், கீசர் இரண்டையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரில் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் கருவி) பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த வயர் போக வேண்டியதுதான். டிஜிட்டல் டைமர் மாட்டியிருக்கும்போது மெக்கர் வைத்தால் அதன் உள் சர்க்யூட் செத்துவிடும். வாங்கிய அன்றே அப்படிப் போகும் டைமர்கள் உண்டு.

இப்போது முக்கியமான இடம். பழைய முள் டைமரில் பெரும்பாலும் பேஸ் உள்ளே, நியூட்ரல் உள்ளே, பேஸ் வெளியே என்ற அமைப்பு. மோட்டாருக்குப் போகும் பேஸும் சுவிட்சுக்குப் போகும் பேஸும் உள்ளேயே சேர்ந்திருக்கும். புதிய ரயில் டைமரில் பொதுவாக ஐந்து டெர்மினல். இரண்டு டைமர் உயிரோடிருக்க: பேஸ், நியூட்ரல். மற்ற மூன்றும் வெறும் சுவிட்ச்: காமன், என்.ஓ (ஆன் நேரத்தில் மட்டும் காமனோடு சேர்வது), என்.சி (ஆஃப் நேரத்தில் சேர்ந்திருப்பது). இந்த மூன்றில் தானாகக் கரண்ட் வராது, நாம்தான் பேஸ் கொடுக்க வேண்டும். பழைய டைமரின் மூன்று வயரையும் வரிசை மாறாமல் புதியதில் முடுக்கினால் திரையில் மணி ஓடும், ஆன் என்று காட்டும், 'டக்' என்று ரிலே (டைமருக்குள் இருக்கும் சுவிட்ச்) சத்தமும் வரும், கீசர் மட்டும் காயாது. காமனுக்குப் பேஸ் கொண்டுபோகும் இணைப்பு வயரை, அதாவது லூப்பை, போடவில்லை என்று அர்த்தம். டெர்மினல் எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்ட படத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும், பழைய டைமரின் எண்ணைப் பார்த்து அல்ல.

லூப் போடும்போது இன்னொரு தப்பு நடக்கும். கையில் கிடந்த ஒரு சதுர மி.மீ துண்டு வயரால் டைமர் பேஸிலிருந்து காமனுக்கு லூப் அடித்துவிடுவார்கள். கீசரின் முழுக் கரண்டும் அந்தத் துண்டு வழியாகத்தான் போகிறது. எம்சிபியிலிருந்து வரும் 2.5 வயரை நேராகக் காமனில் கட்டுங்கள். அங்கிருந்து டைமரின் பேஸுக்குச் சிறு லூப் எடுங்கள். அந்த லூப்பில் டைமருக்கான துளி கரண்ட்தான் போகும். ஆனாலும் 1.5 சதுர மி.மீக்குக் குறைக்க வேண்டாம். தடித்த வயரும் மெல்லிய வயரும் ஒரே ஸ்க்ரூவுக்குக் கீழ் போனால் மெல்லியது தளர்ந்தே நிற்கும். இரட்டை ஃபெரூலில் சேர்த்து நசுக்கி, பிறகு முடுக்குங்கள். முனைக்கு ஈயம் வைக்காதீர்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நகர்ந்து கொடுத்து, ஸ்க்ரூ தளர்ந்துவிடும். ஒவ்வொரு வயரையும் முடுக்கியபின் கையால் இழுத்துப் பாருங்கள்.

கீசருக்குப் போகும் பேஸ் என்.ஓவிலிருந்து. தவறி என்.சியில் கட்டினால் ஆஃப் நேரம் முழுக்கக் கீசர் ஓடும், ஆன் நேரத்தில் நிற்கும். ஈபி பில் வரும் வரை சில வீட்டில் தெரிவதே இல்லை.

மூன்று கிலோவாட் என்றால் நேரடியாக டைமர் ரிலேயில் ஓட்ட எனக்கு மனம் ஒப்பாது. 16 ஆம்பியர் என்று போட்டிருக்கும், 13 ஆம்பியர்தான் போகிறது, கணக்குக்குச் சரிதான். ஆனால் தினமும் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி, முக்கால் மணி என்று ஓடும்போது ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு ஆஃப் ஆகாமல் நிற்கும் நாள் வரும். 25 ஆம்பியர், இரண்டு போல் காண்டாக்டர் (காயிலின் காந்த இழுப்பில் சேரும் பெரிய சுவிட்ச்) ஒன்றை நடுவில் வையுங்கள். பேஸும் நியூட்ரலும் எம்சிபியிலிருந்து காண்டாக்டர் வழியாகக் கீசருக்கு. டைமரின் என்.ஓவிலிருந்து ஒரு வயர் காண்டாக்டர் காயிலின் ஏ1க்கு, ஏ2 நியூட்ரலுக்கு. டைமர் இப்போது காயிலை மட்டும் ஓட்டுகிறது. ஆனில் இருக்கும்போது காயில் வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் டைமருக்கும் காண்டாக்டருக்கும் நடுவே ஒரு மாட்யூல் அளவு இடம் விடுங்கள்.

காலை ஆறு மணி வோல்டேஜை எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான். 230 வோல்ட் காயில் 85 சதவீதம், அதாவது 195 வோல்ட் வரைதான் உறுதியாகப் பிடிக்கும். 180 வோல்ட்டில் பாதி பிடித்து 'டர்ர்' என்று அதிரும், அந்த அதிர்விலேயே முனைகள் கருகும். உங்கள் அளவு 200க்குக் கீழே என்றால் காண்டாக்டரை விட்டுவிட்டு, கீசரை மாற்றும்போது இரண்டு கிலோவாட்டாக வாங்கி டைமர் ரிலேயிலேயே ஓட்டுவது மேல். கூடவே, குறை வோல்டேஜ் பற்றி ஈபியில் எழுதிக் கொடுங்கள்.

நியூட்ரலை எங்கிருந்தாவது கடன் வாங்காதீர்கள். ஆர்சிசிபி பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: தன் வழியாகப் போன கரண்ட் தன் வழியாகவே திரும்புகிறதா. லைட் லைனின் நியூட்ரல் பக்கத்தில் இருக்கிறதே என்று அதில் கட்டினால், கீசர் ஆன் ஆன நொடியில் ஆர்சிசிபி விழும். அதைப் பழுது என்று நினைத்து ஆர்சிசிபியையே கழற்றி நேரடியாக இணைத்துவிட்ட வீடுகள் இருக்கின்றன, அதுதான் ஆபத்து. நியூட்ரல் சரியாக இருந்தும் விழுகிறதென்றால் எலிமென்ட்டில் ஈரம் இறங்கியிருக்கும். கீசர் வயரை மட்டும் கழற்றி ஆன் செய்து பாருங்கள், விழவில்லையென்றால் கோளாறு கீசருக்குள்.

பெட்டியைக் குளியலறைக்குள் வைக்க வேண்டாம். வெளியே, நடைபாதையின் உள் சுவரில், கண் மட்டத்தில். வயர்கள் அடிப்பக்கத்திலிருந்து நுழையட்டும், மேலே துளை வேண்டாம். வராந்தாவில் வைத்தால் மூடுபனி உள்ளே நீராகும். பயன்படாத துளை ஒவ்வொன்றையும் அடையுங்கள். பல்லியும் எறும்பும் வெதுவெதுப்பான இடம் தேடி உள்ளே போய் ரிலே முனைக்கு நடுவே சாகும், பிறகு டைமர் 'டக்' என்கிறது, கரண்ட் போவதில்லை. கோடை இடிக்கு டிபியில் ஒரு சர்ஜ் அரெஸ்டர் (திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைத்தால் டைமர் பிழைக்கும், அதற்கும் எர்த் வேண்டும்.

பிளம்பர் கீசரைக் கழற்றி மாட்டியிருந்தால், சுடுநீர்க் குழாயில் தண்ணீர் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்த பிறகே கரண்ட் கொடுங்கள். காலித் தொட்டியில் எலிமென்ட் சில நிமிடத்தில் போய்விடும். கீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட்டையும் கட்டவுட்டையும் (சூடு மீறினால் துண்டிக்கும் பாகம்) எக்காரணம் கொண்டும் நேரடியாக்கக் கூடாது. டைமர் நேரத்தை மட்டுமே பார்க்கும், சூடு அதற்குத் தெரியாது. தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் இருக்கட்டும்.

நேரம் வைப்பதில் முதலில் இன்றைய மணி, கிழமை. 12 மணிக் கணக்குக் காட்டும் மாடலில் காலை, மாலை மாறிவிடாமல் பாருங்கள். 180, 190 வோல்ட் வீட்டில் இரண்டு கிலோவாட், 25 லிட்டர் கீசருக்கு காலை 4.45 முதல் 6.15 வரை, மாலை ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை வைத்தால் போதும். தொட்டி காய்ந்ததும் தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும், எனவே கால் மணி கூடுதலாக வைப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. ஹோம்ஸ்டே மாதிரி மூன்று குளியலறை உள்ள வீட்டில் மூன்றையும் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். மூன்று இரண்டு கிலோவாட் கீசர் சேர்ந்தால் 26 ஆம்பியர், பழைய சர்வீஸ் வயரும் மெயின் ஃப்யூஸும் அதற்குப் போட்டவை அல்ல. ஒன்று முடிந்து ஒன்றாக, 3.30, 4.30, 5.30 என்று தள்ளி வையுங்கள். சில மாடல்களில் கையால் ஆன் செய்துவிட்டு ஆட்டோவுக்கு வந்தால், அடுத்த ஆஃப் நேரம் வரும் வரை ஆனிலேயே நிற்கும். அதனால் ஆஃப் வழியாகச் சுற்றி ஆட்டோவுக்கு வாருங்கள்.

கரண்ட் கொடுத்ததும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். அதன்பின் டைமரை ஆனில் வைத்து கீசர் டெர்மினலில் பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் அளங்கள். முதல் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக, கடைசி ஓரிரு வோல்ட்டாக இருக்க வேண்டும். நியூட்ரல்–எர்த் பத்து வோல்ட்டைத் தாண்டினால் நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது அல்லது எர்த் சரியில்லை, மூடியைப் போடாதீர்கள். அரை மணி ஓடவிட்டு, மெயினை இறக்கி, ஒவ்வொரு டெர்மினலையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்த ஸ்க்ரூ சரியாகப் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மெயினை இறக்கி எல்லா ஸ்க்ரூவையும் ஒரு முறை முடுக்குங்கள். நீங்கள் போட்ட இணைப்பை ஒரு தாளில் வரைந்து, தேதியும் எம்சிபி அளவும் எழுதி, மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.